மஞ்சள் பையும் மனச் சுதந்திரமும்

எண்பது பிராயத்தைத் தொட்ட தாயார், மாதம் பிறந்ததும் வங்கிப் புத்தகத்தை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு பென்ஷன் வாங்கப் புறப்படுகையில், "நீ ஏம்மா அலையறே, நான் வாங்கி வரமாட்டேனா?" என்று வாஞ்சையோடு தடுக்கும் மகன், அந்தப் பையோடு அவருடைய சுதந்திரத்தையும் வாங்கிக்கொள்வதை உணர்வதில்லை. பேரனுக்குத் தம் முந்தானை முடிச்சிலிருந்து பத்து ரூபாய் எடுத்துக் கொடுக்கும் பாட்டிக்கும், அதையும் மருமகளிடம் கேட்டு வாங்கிக் கொடுக்கும் பாட்டிக்கும் குரலிலேயே வித்தியாசம் தெரியும்.

கைப்பணத்தைப் போலவே சொந்த வீடும் முதியோருக்குச் சுதந்திரம்தான். பாசத்தால் அந்த வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் பரிதவிப்போரை உத்தேசித்தே, நம் நாட்டில் 2007-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 60 வயது நிறைந்தவர் பராமரிப்பு நிபந்தனையுடன் கொடுத்த சொத்தை, நிபந்தனை மீறப்பட்டால் தீர்ப்பாயத்தின் வாயிலாக மீட்க வழி செய்திருக்கிறது. ஆயினும் பத்திரத்தில் அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லப் பெரியவர்கள் கூசுகிறார்கள். பிள்ளைகளே முன்வந்து அதை எழுதச் சொல்லலாமே!