ஆவணப் படங்களைக் கணனியில் எங்கே வைப்பது?

ஆலய பரிபாலன சபைகள், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகள், பழைய மாணவர் சங்கங்கள், கூட்டுறவுச் சங்கங்கள் முதலான நமது பொது அமைப்புகள் பலவற்றிடம் பழைய பதிவேடுகளும் காணி உறுதிகளும் கூட்டறிக்கைகளும் புகைப்படங்களும் உள்ளன. கறையான் அரித்தும் மை மங்கியும் அழிந்து வரும் இவற்றை ஸ்கேன் செய்து கணனியில் சேமிக்க வேண்டும் என்ற எண்ணம் பரவலாகி வருவது வரவேற்கத்தக்கதே. ஆனால் ஸ்கேன் செய்வது இப்பணியின் பாதி மட்டுமே. எடுத்த படங்களை எங்கே, எந்த ஒழுங்கில் வைப்பது என்பது மறுபாதி. பல முயற்சிகள் இடையில் நின்று போவது இந்த மறுபாதியிலேதான்.

ஆவண இழப்பு என்பது நமக்குப் புதிதன்று. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் மீளப் பெறவியலாத ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. 1990 ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் பலர் காணி உறுதிகளைக்கூட எடுத்துச் செல்ல இயலாத நிலையிலேயே புறப்பட்டனர். 2004 டிசம்பர் 26 ஆம் திகதிய ஆழிப்பேரலை கரையோரத்தில் வீடுகளுடன் சான்றிதழ்களையும் கொண்டு சென்றது. இடம்பெயர்ந்த ஒருவர் தன் காணியைத் தன்னுடையது என நிறுவ முற்படும்போது, பழைய உறுதியின் ஒரு பிரதிக்கு உள்ள மதிப்பை விளக்க வேண்டியதில்லை. அசல் உறுதிக்குரிய சட்ட வலு ஸ்கேன் பிரதிக்கு இல்லாவிடினும், உறுதியின் இலக்கத்தையும் நொத்தாரிசின் பெயரையும் திகதியையும் அறிந்து பதிவகத்தில் தேடுவதற்கு அதுவே வழிகாட்டி.

இரண்டு கிகாபைட் என்னும் எல்லை

சிறிய அமைப்புகள் பெரும்பாலும் நாடுவது மைக்ரோசொப்ட் அக்சஸ் போன்ற, ஒரே கணனியில் இயங்கும் தரவுத்தள மென்பொருளையே. பெயர், இலக்கம், திகதி ஆகியவற்றை அட்டவணையில் பதிந்து வேண்டியபோது தேடி எடுக்க அது மிகவும் ஏற்றது. படங்களையும் அதே அட்டவணைக்குள் வைத்துவிடலாம் என்று தோன்றுவது இயல்பே. சிக்கல் அங்கேதான் ஆரம்பமாகின்றது.

அக்சஸ் தரவுத்தளக் கோப்பு ஒன்றின் உச்ச அளவு 2 கிகாபைட். இன்றைய வன்தட்டுகள் ஆயிரக்கணக்கான கிகாபைட் கொள்ளளவு உடையனவாயினும் இந்த எல்லை மாறவில்லை. எழுத்துக்களுக்கு இது தாராளம். படங்களுக்கோ போதாது.

ஒரு சிறு கணக்கு இதனைத் தெளிவாக்கும். ஏ4 அளவுள்ள ஒரு பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற செறிவில் வர்ணத்தில் ஸ்கேன் செய்தால் 2480 க்கு 3508 என்ற அளவில் ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள் கிடைக்கின்றன. ஒரு புள்ளிக்கு 3 பைட் வீதம், சுருக்கப்படாத படம் சுமார் 25 மெகாபைட் ஆகும். அதையே ஜே.பி.ஈ.ஜி. முறையில் சுருக்கினால் ஒன்று அல்லது இரண்டு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும்.

அக்சஸின் பழைய முறையான ஓ.எல்.ஈ. ஒப்ஜெக்ட் என்ற புலத்தில் படத்தைச் செருகும்போது, சுருக்கிய படத்துடன், திரையில் காட்டுவதற்கென அதன் சுருக்கப்படாத வடிவமும் சேர்த்து வைக்கப்படுவது வழக்கம். எனவே ஒரு மெகாபைட் படம் இருபத்தைந்து மெகாபைட்டுக்கு மேல் இடம் பிடிக்கின்றது. இக்கணக்கின்படி எண்பது பக்கங்களைச் சேர்ப்பதற்குள்ளேயே 2 கிகாபைட் நிரம்பிவிடும். ஓர் ஆலயத்தின் அல்லது பள்ளிவாசலின் ஒரே ஒரு பதிவேடுகூட இதற்குள் அடங்குமா என்பது சந்தேகமே.

இம்முறையில் இன்னொரு குறைபாடும் உண்டு. படத்தைத் திறப்பதற்கு, அதனைச் செருகிய வேளையில் கணனியில் இருந்த மென்பொருளே தேவைப்படும். ஒப்பிஸ் தொகுப்புடன் வந்த போட்டோ எடிட்டர் என்ற மென்பொருள் 2003 ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கப்பட்டபோது, அதன் துணையுடன் செருகப்பட்ட படங்கள் பல புதிய கணனிகளில் திறக்க மறுத்தன. படம் உள்ளே இருந்தது; பார்க்கத்தான் முடியவில்லை.

அக்சஸின் 2007 ஆம் ஆண்டுப் பதிப்பில் அட்டாச்மென்ட் என்ற புதிய வகைப் புலம் அறிமுகமானது. இது படத்தை அதன் இயல்பான வடிவிலேயே வைப்பதால் வீண் பெருக்கம் இல்லை. ஆனாலும் படங்கள் தரவுத்தளக் கோப்புக்கு உள்ளேதான் இருக்கின்றன. எல்லையும் அதே 2 கிகாபைட்தான். பக்கத்துக்கு ஒரு மெகாபைட் எனக் கொண்டால் ஏறத்தாழ இரண்டாயிரம் பக்கங்களுடன் அதுவும் நிறைந்துவிடும். அத்துடன், எல்லாம் ஒரே கோப்பில் இருப்பதால், மின்தடை காரணமாகவோ வலையமைப்புத் துண்டிப்பாலோ அக்கோப்பு பழுதடையும்போது எழுத்தும் படமும் ஒருங்கே ஆபத்துக்குள்ளாகின்றன.

முகவரியை மட்டும் பதிவது

இதற்கு நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் மாற்று வழி, படங்களைச் சாதாரண கோப்புறைகளில் வைத்துவிட்டு, தரவுத்தளத்தில் அவற்றின் பெயரையும் இருப்பிடத்தையும் மட்டும் பதிவதாகும். நூலகத்தில் நூல்கள் தட்டுகளில் இருக்க, பட்டியல் அட்டை இலக்கத்தை மட்டும் தாங்கி நிற்பதைப் போன்றது இது. பத்தாயிரம் படங்களின் விபரங்களும் சில மெகாபைட்டுக்குள் அடங்கும். படிவத்தில் அப்பெயரைப் படக்கட்டத்துடன் இணைத்தால் படம் திரையில் தோன்றும். 2007 ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து இதற்குத் தனியே நிரல் எழுதவும் தேவையில்லை.

எனினும் படங்களை உள்ளே வைப்பது எப்போதும் தவறு எனக் கூறிவிட முடியாது. ரசல் சியர்ஸ், கதரின் வான் இங்கென், ஜிம் கிரே ஆகியோர் மைக்ரோசொப்ட் ஆய்வுப் பிரிவின் அறிக்கையாக 2006 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இவ்விடயத்தைப் பரிசோதித்தது. 256 கிலோபைட்டுக்குக் குறைந்தவற்றைத் தரவுத்தளத்திலும், ஒரு மெகாபைட்டுக்கு மேற்பட்டவற்றைக் கோப்புறையிலும் வைப்பதே திறன் மிக்கது என்பது அதன் முடிவு. அது அக்சஸில் அல்லாது எஸ்.கியூ.எல். சேர்வர் என்ற பெரிய தரவுத்தளத்தில் செய்யப்பட்டது என்பதையும் கவனத்திற்கொள்ள வேண்டும். முந்நூறு அங்கத்தவர்களின் அடையாள அட்டை அளவிலான சிறு படங்களை மட்டும் வைத்திருக்கும் சங்கம் அவற்றை உள்ளேயே வைப்பதால் தீங்கில்லை. படமும் பதிவும் பிரியாது என்ற நன்மையும் உண்டு. உறுதிகள், பதிவேடுகள் என்று வரும்போதே கோப்புறை அவசியமாகின்றது.

கோப்புறை முறையின் பலவீனம், தொடர்பு அறுந்துபோவதாகும். யாரேனும் ஒருவர் படத்தின் பெயரை மாற்றினாலோ வேறிடத்துக்கு நகர்த்தினாலோ தரவுத்தளம் அதனை அறியாது. படிவத்தில் வெற்றுக் கட்டமே தோன்றும். இதனைத் தவிர்க்கச் சில ஒழுங்குகள் உள்ளன.

முதலாவது, டி டிரைவில் இன்ன கோப்புறை என்று முழுப் பாதையையும் ஒவ்வொரு பதிவிலும் எழுதலாகாது. கணனி மாறும்போது டிரைவின் எழுத்தும் மாறும். எல்லாத் தொடர்புகளும் ஒரேயடியாக அறுந்துவிடும். படத்தின் பெயரை மட்டும் பதிந்து, தாய்க் கோப்புறையின் இடத்தை ஒரே ஓரிடத்தில் குறித்து வைத்தால், மாற்ற வேண்டியது அந்த ஒன்றை மட்டுமே.

இரண்டாவது, படங்களுக்கு ஆட்பெயரைச் சூட்டாது தொடரிலக்கத்தைச் சூட்டுவது நன்று. முகம்மது என்ற பெயர் ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதப்படுகின்றது என்பதை நாம் அறிவோம். சிவகுமார்கள் ஒரே ஊரில் பலர் இருப்பர். 000147 என்பதோ ஒன்றுதான். பெயர்கள் தரவுத்தளத்தில் இருக்கட்டும். எழுத்துப்பிழையை அங்கே திருத்தினாலும் படத்தின் தொடர்பு குலையாது.

மூன்றாவது, ஓர் உறுதிக்குப் பல பக்கங்கள் உண்டு. உறுதிக்கு ஓர் அட்டவணையும் படங்களுக்குத் தனி அட்டவணையும் அமைத்து, உறுதியின் இலக்கத்தால் இரண்டையும் இணைக்க வேண்டும். ஒரே வரிசையில் படம் 1, படம் 2 என நிரல்களை நீட்டிக்கொண்டு போவது பிற்காலத்தில் இடரையே தரும்.

நான்காவது, மாதம் ஒரு தடவையேனும் பதிவுகளின் எண்ணிக்கையையும் கோப்புறையிலுள்ள படங்களின் எண்ணிக்கையையும் ஒப்பிட வேண்டும். எண்கள் ஒத்துப்போகாவிடின் பிழையை அன்றே தேடிக் கண்டுபிடிக்கலாம். பத்தாண்டுகள் கழித்துத் தேட முடியாது.

படத்தை விட விபரம் முக்கியம்

யார், எங்கே, எப்போது என்ற குறிப்பு இல்லாத படம் அடுத்த தலைமுறைக்கு ஊமைப் படமே. படத்திலுள்ளோரை இனங்காணக்கூடிய முதியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அவர்களிடம் கேட்டுப் பதிய வேண்டும். படத்தைத் தந்தவர் யார், பிறருக்குக் காட்ட அவரது அனுமதி உண்டா என்பதற்கும் ஒவ்வொரு புலம் தேவை.

இவ்விபரங்களை ஒருங்குறித் தமிழிலேயே தட்டச்சிட வேண்டும் என்பது இன்றியமையாதது. இலங்கையில் நீண்டகாலம் கோலோச்சிய பாமினி எழுத்துருவில் பதியப்பட்ட தரவுகள், கணனியைப் பொறுத்தவரை வெறும் ஆங்கில எழுத்துக்களே. எழுத்துரு இல்லாத கணனியில் அவை பொருளற்ற குறிகளாகத் தோன்றும். ஒருங்குறியில் தேடினால் அகப்படா. அவ்வாறு பதிந்தவர்கள் மாற்றி மூலம் இப்போதே ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்வது நன்று.

ஸ்கேன் செய்த மூலப் படத்தைத் திருத்தாது தனியே பேண வேண்டும். ஜே.பி.ஈ.ஜி. படத்தைத் திருத்தி மீண்டும் மீண்டும் சேமிக்கும்போது அதன் தெளிவு குறைந்துகொண்டே போகும். இயலுமாயின் மூலத்தை டிஃப் வடிவில் வைத்து, அன்றாடப் பாவனைக்குச் சுருக்கிய பிரதியைப் பயன்படுத்தலாம். ஆயிரம் பக்கங்கள் டிஃப் வடிவில் 25 கிகாபைட் அளவே. இன்றைய வன்தட்டுக்கு அது ஒரு சுமையன்று. வட்ஸ்அப்பில் சாதாரண படமாக அனுப்பப்படுபவை அனுப்பும்போதே சுருக்கப்படுவதால் அவற்றை மூலமாகக் கொள்ளலாகாது.

பிரதியும் பொறுப்பும்

படக்கலைஞர் பீட்டர் குரோக் பிரபல்யப்படுத்திய 3-2-1 என்ற விதி எளிமையானது. மூன்று பிரதிகள், இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்கள், ஒன்று வேறோர் இடத்தில். அலுவலக மேசையிலுள்ள கணனியும் அதே மேசை இலாச்சியிலுள்ள வன்தட்டும் இரண்டு பிரதிகளாகத் தோன்றலாம். வெள்ளம் வந்தால் அவை ஒன்றே. தரவுத்தளத்தையும் படக் கோப்புறையையும் எப்போதும் சேர்த்தே பிரதி எடுக்க வேண்டும். ஒன்றில்லாமல் மற்றது பயனற்றது. எடுத்த பிரதியை வேறொரு கணனியில் திறந்து பார்க்கும் வரை அதனைப் பிரதி எனக் கொள்ளவும் இயலாது.

அந்தரங்கத்தைப் பேணும் கடமையும் உண்டு. அக்சஸ் தரவுத்தளத்துக்குக் கடவுச்சொல் இடலாம். ஆனால் வெளியே கோப்புறையிலுள்ள படங்களை அக்கடவுச்சொல் காக்காது. அடையாள அட்டைகளும் உறுதிகளும் கொண்ட வன்தட்டு முழுவதையும் தனியே மறைகுறியாக்கம் செய்ய வேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ள நாட்டில் இதனை அலட்சியம் செய்வதற்கில்லை.

நமது அமைப்புகள் பலவற்றில் கணனி வேலை ஓர் இளைஞரின் தோளிலேயே விடப்படுகின்றது. அவர் உயர்கல்விக்கோ தொழிலுக்கோ வெளிநாடு சென்றதும் கடவுச்சொல்லும் அவருடன் போய்விடுகின்றது. படங்கள் எங்கே உள்ளன, எந்த ஒழுங்கில் பெயரிடப்பட்டுள்ளன, பிரதிகள் யாரிடம் உள்ளன, கடவுச்சொல் யார் பொறுப்பில் உள்ளது என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, நிர்வாக சபையின் கூட்டறிக்கைப் புத்தகத்தில் சேர்த்துவிட்டால் போதுமானது. 2005 ஆம் ஆண்டு ஆரம்பமான நூலகம் திட்டம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் திரட்டித் தந்து, தன்னார்வலர்களின் தொடர்ச்சியான உழைப்பு எதனைச் சாதிக்கும் என்பதைக் காட்டியுள்ளது. அதே ஒழுங்கு ஊரின் சிறிய சங்கத்துக்கும் எட்டாததன்று. செலவு ஒரு ஸ்கேனரும் இரண்டு வன்தட்டுகளுமே. தீக்கும் கடலுக்கும் ஒருமுறை பறிகொடுத்தவற்றை நாம் மீளப் பெறப்போவதில்லை. கைவசம் எஞ்சியிருப்பவற்றை ஒழுங்காக வைத்துக்கொள்ள இன்னமும் காலம் இருக்கின்றது.