தாளம் இல்லாத பாட்டு, நாலு கோட்டுல

கிரிகோரியன் சான்ட், கத்தோலிக்கத் திருச்சபையோட பழைய லத்தீன் பாடல் முறை. வாத்தியம் வேண்டாம், தாளக்கட்டு கிடையாது, எல்லாரும் ஒரே மெட்டுதான். லத்தீன் வார்த்தை எப்படிப் போகுதோ, மெட்டும் அதோட நடக்கும். எழுதுறது அஞ்சு கோட்டுல இல்ல, நாலு கோட்டுல.

ஐரோப்பாவிலயும் அமெரிக்காவிலயும் நம்ம வயசுக்காரங்க சிலர் இதைத் திரும்பக் கத்துக்கிறாங்க. அதுக்கு உதவுற ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது (தொழில் புத்தி!): கிரிகோரியோங்கிற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். ஒரு அசையை டைப் பண்ணி, பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள சுரத்துக்கான எழுத்தைப் போட்டா, நாலு கோட்டு இசைத்தாள் தயார். கிரிகோபேஸ் தளத்துல ஆயிரக்கணக்கான பாடல்கள் இப்படி இலவசமா இருக்கு. நாலு பேர் சேர்ந்தா பாட ஆரம்பிச்சிடலாம்.

சிக்கல் வேற இடத்துல. 2021-ல் போப் பிரான்சிஸ் பழைய லத்தீன் திருப்பலிக்குக் கட்டுப்பாடு போட்டார். சான்ட்டையும் அந்தத் திருப்பலியையும் ஒண்ணாக் குழப்பிக்கிறவங்க ரெண்டு தரப்புலயும் இருக்காங்க. இது பிடிக்கும்னு சொன்னாலே, 'ஓ, நீ மாற்றத்துக்கு எதிரியா?'ன்னு பார்ப்பாங்க. ஆனா வழிபாட்டை மாத்தச் சொன்ன இரண்டாம் வத்திக்கான் சங்கமே, 1963-ல் வெளியிட்ட ஆவணத்துல இந்த இசைக்குத்தான் முதலிடம் கொடுத்திருக்கு. பிறகு தாய்மொழி வந்தது, கிட்டார் வந்தது, அந்தப் பத்தி அப்படியே ஓரமாப் போயிடுச்சு. இன்றைய புதிய முறைத் திருப்பலியிலும் இதைத் தாராளமாப் பாடலாம்.