வீட்டிலேயே டூ-வே ஸ்பீக்கர்: அந்த மரக் கூம்பு அப்படி என்னதான் செய்யுது?

தூரத்தில் போற ஃப்ரெண்டைக் கூப்பிடணும். என்ன செய்வீங்க? இரண்டு கைகளையும் வாயைச் சுற்றிக் குவிச்சு, 'டேய்ய்ய்...'னு ஒரு சத்தம். தொண்டை அதேதான். ஆனால், குரல் கூடுதல் தூரம் போகும். நாகசுரத்தின் நுனியில் விரிந்திருக்கும் அணசு, திருவிழாவில் கம்பத்தில் கட்டும் கூம்பு ஸ்பீக்கர்... எல்லாமே இந்தக் குவிச்ச கைகள்தான்.

'கூம்பு ஸ்பீக்கரா, காது கிழியுமே!' என்று ஓடாதீங்க. அது பேச்சை ஊர் முழுக்கக் கேட்க வைக்கச் செய்தது. அதே தத்துவத்தை மரத்தில் சரியான வளைவோடு செய்து, கீழே ஒரு வூஃபரைச் சேர்த்தால் பாட்டு கேட்க அருமையான செட் ரெடி. தப்பாகச் செய்தால்? காசு கொடுத்து வாங்கின டிரைவர் முதல் நாளே கருகிடும்.

கூம்பு எதுக்கு?

காற்று ரொம்ப லேசு. அதை வெறும் பேப்பர் கோனால் தள்ளுவது, கை விரல்களை விரிச்சு வெச்சுக்கிட்டு நீச்சலடிப்பது மாதிரி. சாதாரண ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுத்தால் ஒலியாக மாறுவது சுமார் 1 வாட்தான். மிச்சமெல்லாம் சூடு. கூம்பின் குறுகலான தொண்டையில் டிரைவருக்குத் தள்ளுவதற்கு ஒரு பிடிமானம் கிடைக்குது. அங்கே உருவாகும் அழுத்தம், கூம்பு விரிய விரிய மெதுவாக அறைக்குள் பரவுது. செயல்திறன் பத்து மடங்குக்கும் மேல் கூடும்.

1930-களில் சினிமா பேச ஆரம்பிச்ச காலத்தில் ஆம்ப்ளிஃபயர்களுக்குச் சக்தி குறைவு. பெரிய தியேட்டரை நிரப்பக் கூம்புதான் கைகொடுத்தது. எம்.ஜி.எம். ஸ்டூடியோவின் 'ஷியரர் ஹார்ன்', 1945-ல் வந்த ஆல்டெக்கின் 'வாய்ஸ் ஆஃப் த தியேட்டர்' இரண்டும் டூ-வே செட்தான். கீழ்ச்சுருதிக்கு வூஃபர், மேலே கூம்பு. இன்று வீட்டில் செய்றவங்க பின்பற்றுவதும் அதே பாதைதான்.

ரகசியம் மரத்திலா?

இல்லை. ரகசியம் வளைவில். மெல்லிய தகரம் மாதிரி கணீர்னு அதிராது, வீட்டிலேயே வெட்டித் தேய்க்கலாம். மரத்தின் பெருமை அவ்வளவுதான். தேக்கா, பிளைவுட்டா என்று மண்டையை உடைச்சுக்க வேண்டாம்.

ஒரு இன்ச் வாய் உள்ள கம்ப்ரெஷன் டிரைவருக்கு எளிமையான ஒரு கணக்கு இதோ. 18 மி.மீ. பிளைவுட்டில் 14 வளையங்கள். முதல் ஓட்டையின் விட்டம் 25 மி.மீ. அதன் பிறகு ஒவ்வொரு ஓட்டையும் முந்தையதைவிட சுமார் 18 சதவிகிதம் பெரிசு: 30, 35, 42, 49... கடைசி வளையத்தின் வெளி விளிம்பு சுமார் 25 செ.மீ. மொத்த நீளமும் அதே 25 செ.மீ. சுற்றளவும் வளைவும் சேர்ந்து, சுமார் 500 ஹெர்ட்ஸுக்கு மேல் இந்தக் கூம்பு வேலை செய்யும். எல்லையை ஒட்டி ஓட்டாமல், 1,200 – 1,500 ஹெர்ட்ஸிலிருந்து வேலை கொடுங்க.

வளையங்களை மரப் பசையால் ஒட்டி, கிளாம்ப் போட்டு ஒரு ராத்திரி விடுங்க. உள்ளே படிக்கட்டு மாதிரி இருக்கும். அது வழவழன்னு ஆகும் வரை உப்புத்தாள்தான், பொறுமைதான். மாஸ்க் கட்டாயம், பிளைவுட் தூசு நுரையீரலுக்கு ஆகாது. தொண்டையில் டிரைவரும் மரமும் சேரும் இடத்தில் அரை மில்லிமீட்டர் படிகூட இருக்கக் கூடாது.

இரண்டு பேரை ஒருத்தராக்குவது

நிஜமான வேலை இங்கேதான் ஆரம்பிக்குது. ஒரே வாட்டுக்கு வூஃபர் 90 டெசிபல் தந்தால், கூம்பு 105 டெசிபல் தரும். அப்படியே மாட்டினால் 'ஸ்ஸ்' மட்டும்தான் கேட்கும். 'எல்-பேட்' வைத்துக் கூம்பின் சத்தத்தைக் குறைக்கணும்.

அடுத்து நேரம். ஒலி ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 செ.மீ. போகும். டிரைவர் 25 செ.மீ. பின்னால் இருப்பதால் அதன் ஒலி லேட்டாக வரும். அதனால் கூம்பைப் பெட்டியின் மேல் முன்னால் தள்ளி, டிரைவரை வூஃபரின் காயிலுக்கு நேர் மேலே கொண்டுவாங்க. கூம்பு வெளியே நீட்டிக்கொண்டு ஒரு மாதிரி இருக்கும், பரவாயில்லை. பிறகு கூம்பின் இரண்டு வயர்களையும் மாற்றி மாட்டி, கிராஸ்ஓவர் அளவில் ஒரு டோனை ஓட்டுங்க. முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, சத்தம் எங்கே ரொம்பக் குறையுதோ அங்கே நிறுத்துங்க. வயரைப் பழையபடி மாற்றினால் இரண்டும் அங்கே கைகோத்துக்கும்.

கருகாமல் இருக்க...

கம்ப்ரெஷன் டிரைவரின் டயஃப்ரம் ரொம்ப மெல்லிசு. கிராஸ்ஓவர் இல்லாமல் 'சும்மா ஒரு டெஸ்ட்' என்று ஆம்ப்ளிஃபயரில் மாட்டவே கூடாது. ஒரு பேஸ் பீட் போதும், கதை முடிஞ்சது. கெப்பாசிட்டரும் காயிலும் சேர்ந்த, ஆக்டேவுக்கு 12 டெசிபலாவது குறைக்கும் கிராஸ்ஓவர் போடுங்க. எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது டிரைவரின் டேட்டாஷீட்டில் இருக்கும். அதைத் தாண்டாதீங்க.

காதுக்கும் இதே எச்சரிக்கைதான். சின்ன ஸ்பீக்கர் சத்தம் கூடினால் கரகரன்னு கத்தி நம்மை உஷார்ப்படுத்தும். கூம்பு அப்படிக் கத்தாது. சுத்தமாகவே சத்தம் ஏறும். போனில் ஒரு டெசிபல் மீட்டர் ஆப் போட்டு, 80-ஐ ஒட்டியே வெச்சுக்கோங்க.

முதலில் ஒரே ஒரு ஸ்பீக்கர் செய்து பாருங்க. பாட்டுக்கு முன்னால், தனியாக ஒருத்தர் பேசும் ரெக்கார்டிங்கை ஓட்டுங்க. கண்ணை மூடினால் பெட்டியும் கூம்பும் தனித்தனியாகத் தெரியுதா? இன்னும் வேலை பாக்கி இருக்கு. எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து பேசுற மாதிரி இருக்கா? தைரியமா இரண்டாவது கூம்புக்குப் பிளைவுட் வாங்கக் கிளம்புங்க!