துயருக்குப் பின் தொழிற்களம்

கடல் கடந்து வாழும் தமிழராகிய நமக்கு வேலையிடம் கூலி பெறும் இடம் மட்டுமன்று. பாதி உறவும் அங்கேதான். 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில, நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத் தொழிலில் அமர்ந்தன. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அத்தீவைச் சூறையாடியது. அதன் பின் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் மனநல வல்லுநர்கள் அந்தமான் சென்று தொண்டாற்றினர்.

இத்தகைய காலத்தில் தொழில் நடத்துவோர் செய்யத்தக்கது யாது? முதலில் குடிநீர், உறைவிடம், உறவினரைப் பற்றிய செய்தி. அடுத்து, தவறாத ஊதியம். பின்னரே இலேசான வேலையும் போதிய ஓய்வும். பழகிய வேலை நாளுக்கு ஓர் ஒழுங்கைத் தரும். கலங்கிய மனத்துக்கு அதுவே ஊன்றுகோல். ஆயின், நடந்ததைச் சொல்லுமாறு எவரையும் வற்புறுத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தாமாகப் பேசினால் பொறுமையோடு கேட்போமாக.

உறக்கமின்மையும் அச்சமும் வாரக்கணக்கில் நீடிப்பின் மருத்துவரை நாடவேண்டும். 2022-இல் தொடங்கிய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலும் பேசலாம். உடன் உழைப்பவர் வாடியிருக்கக் கண்டால், இதனை அவருக்கு எடுத்துச் சொல்வது நம் கடமை.