அமாவாசைக்கு ஒரு தடவை கிட்டங்கியைச் சுற்றி வாருங்கள்



வருடக் கடைசியில் நாம் அனைவரும் இருப்பு எடுக்கிறோம். துவரை எத்தனை மூட்டை, வத்தல் எத்தனை மூட்டை, எலி கடித்தது எவ்வளவு, சிந்தியது எவ்வளவு என்று ஒரு கிலோ விடாமல் கணக்கில் எழுதுகிறோம். ஆனால் அதே கிட்டங்கிக்குள் எத்தனை ஆபத்து இருப்பில் இருக்கிறது என்று ஒரு நாளாவது கணக்கு எடுத்திருக்கிறோமா? நானும் பல வருடம் எடுக்காதவன்தான். அதனால் நேர்ந்ததை முதலில் சொல்லிவிட்டு, பிறகு விஷயத்துக்கு வருகிறேன்.

சாய்ந்த அட்டி

எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு மதுரையில் தகப்பனாரின் பலசரக்கு மொத்தக் கடையில் உட்கார்ந்தவன் நான். 1991-ஆம் வருடம் நடந்தது இது. அப்போது நூறு கிலோ மூட்டைகள். எங்கள் கிட்டங்கி லோடுமேன்களில் மூத்தவர் ஒருவர், என் தகப்பனார் காலத்து ஆள். நாலு பேர் முன்னால் என்னை "மொதலாளி" என்பார். தனியாக இருந்தால் "தம்பி" என்பார்.

ஒரு திங்கட்கிழமை கல்லாப்பெட்டி அருகே வந்து, "தம்பி, கெழக்குச் சுவரு ஓரத்து உளுந்து அட்டி லேசா சாயுது. பிரிச்சு அடுக்கிரலாமா?" என்று கேட்டார். நான் லாரி ரசீதில் தலையை விட்டிருந்தேன். "இந்த வாரக் கூட்டம் முடியட்டும்ணே, பாத்துக்கலாம்" என்றேன். வியாழக்கிழமை அந்த அட்டி சரிந்தது. கீழே நின்றவர் அவரேதான். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

உயிர் பிழைத்தார். வைத்தியச் செலவு முழுவதும் நாங்கள் பார்த்தோம். ஏழு மாதம் படுத்திருந்து எழுந்த பிறகு மூட்டை தூக்க முடியவில்லை. கடையிலேயே காவலுக்கு வைத்துக்கொண்டோம். காலமாகும் வரை ஒரு தடவைகூட அவர், "நான் அப்பவே சொன்னேனே" என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்கு மனம் ஆறியிருக்கும்.

பிறகு பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. மேலே ஓட்டில் விரிசல். அதன் வழியே மழைநீர் சுவரோரம் இறங்கி, அடி மூட்டையின் சாக்கு இற்றுப்போயிருந்தது. டார்ச் லைட்டுடன் ஐந்து நிமிடம் போய்ப் பார்த்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும். அந்த ஐந்து நிமிடத்தை நான் செலவிடவில்லை.

நாள் குறித்துக்கொள்ளுங்கள்

அன்றிலிருந்து எங்கள் கடையில் ஒரு வழக்கம். அமாவாசை தோறும் கடைக்குப் பூசணிக்காய் சுற்றி உடைக்கிறோம் அல்லவா? அன்று காலையே கிட்டங்கியையும் கடையையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிடுவோம். பூசணிக்காய் கண்ணுக்குத் தெரியாத திருஷ்டிக்கு. இந்தச் சுற்று கண்ணுக்குத் தெரிகிற ஆபத்துக்கு. (உடைத்த பூசணிக்காயையும் நடுரோட்டில் விடாமல் ஓரம் தள்ளுங்கள். இருசக்கர வண்டியில் வருகிறவர் அதில் வழுக்கி விழுந்தால், நம் திருஷ்டி அவர் தலையில் இறங்கியதாகிவிடும்.)

முதலாளி மட்டும் தனியாகப் போனால் பிரயோஜனமில்லை. பழகிய கண்ணுக்குக் குறை தெரியாது. மூத்த லோடுமேன் ஒருவரையும், புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவனையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள். மூத்தவருக்கு எது ஆபத்து என்று தெரியும். புதியவன், "இது ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்பான். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அங்கேதான் குறை.

முதலில் வழி

வாசலில் ஆரம்பியுங்கள். திடீரென்று விளக்கு அணைந்து புகை சூழ்ந்தால், உள்ளே கடைசியில் நிற்கிற ஆள் வெளியே வர முடியுமா? பின்கதவின் முன்னால் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருக்கிறோமா? பின்கதவுச் சாவி யாரிடம்? 1997 ஜூன் 13-ஆம் தேதி டெல்லி உப்ஹார் திரையரங்கில் 59 பேர் மாண்டதற்குத் தீ மட்டும் காரணமல்ல. நடைவழியை அடைத்துக் கூடுதல் இருக்கைகள் போட்டிருந்ததும் புகைக்குள் சிக்கியவர்கள் வெளியேற முடியாமல் போனதற்கு ஒரு காரணம். நாம் நடைவழியில் போடுவது இருக்கையல்ல, சரக்கு, வித்தியாசம் அவ்வளவுதான்.

அட்டியும் சுமையும்

ஒவ்வோர் அட்டியையும் நாலு பக்கமும் நின்று பாருங்கள். சுவருக்கும் அட்டிக்கும் இரண்டடியாவது இடைவெளி வேண்டும். ஆள் நுழைய முடியாத இடத்தைச் சோதிக்கவும் முடியாது. அடியில் மரச்சட்டம் போட்டிருக்க வேண்டும். மூட்டைகளைச் செங்கல் கட்டுவது போல ஒன்றுக்கொன்று மாற்றி அடுக்க வேண்டும். மேலிருந்துதான் மூட்டை எடுக்க வேண்டும். அவசரத்துக்கு நடுவில் உருவக் கூடாது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே, ஓர் ஆண் தொழிலாளி தனியாகச் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படக் கூடாது என்று பரிந்துரை செய்தது. இப்போது ஐம்பது கிலோ மூட்டை வந்திருப்பது நல்லதே. ஆனால் "ஐம்பதுதானே" என்று இரண்டைச் சேர்த்து முதுகில் ஏற்றுவதை நம் கண்முன்னே அனுமதித்தால் என்ன பலன்?

மின்சாரமும் சாமி விளக்கும்

ஃபியூஸ் கேரியரைத் திறந்து பாருங்கள். உரிய கம்பிக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றியிருந்தால் அது ஃபியூஸே அல்ல. லோடு கூடினால் ஃபியூஸ் போகாது. உள்ளே ஒயர் எரியும். மின்கசிவு ஏற்பட்டால் தானே அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் கருவியைப் போட்டிருப்பவர்கள், அதிலுள்ள 'டெஸ்ட்' பட்டனை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழாவிட்டால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சாமி படத்தைப் பற்றிச் சொன்னால் யாரும் கோபிக்கக் கூடாது. விளக்கின் மேலேயே பிளாஸ்டிக் மாலை, பக்கத்தில் பில் கட்டு, கீழே காலிச் சாக்கு என்று இருக்கும் கடைகள் எத்தனை! கடை அடைக்கும்போது விளக்கைக் குளிரவைத்து, ஊதுபத்தி அணைந்ததைப் பார்த்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்க வேண்டும். தீயணைப்பான் இருந்தால் அதன் முள் பச்சையில் நிற்கிறதா, அதை இயக்க யாருக்குத் தெரியும் என்று கேளுங்கள். மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதைக் கடைப் பையன்களுக்கும் சொல்லுங்கள். 101, 108 ஆகிய எண்களைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

எதனருகே எது?

1958-ல் கேரளத்தில் கோதுமை மாவு சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். யாரும் வேண்டுமென்று விஷம் வைக்கவில்லை. கப்பலில் மாவு மூட்டைகளும் பாரத்தியான் என்ற பூச்சிமருந்தும் சேர்ந்து வந்ததில், மருந்து கசிந்து மாவில் இறங்கிவிட்டது. அதன் தொடர்ச்சியாகத்தான் 1968-ல் பூச்சிமருந்துச் சட்டம் வந்தது. 2013 ஜூலையில் பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்ததும் இதே வகைதான். உணவில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது. ஆகவே பினாயில், ஆசிட், எலிமருந்து, பூச்சிமருந்து எதுவும் உணவுச் சரக்குக்குப் பக்கத்திலோ மேல்தட்டிலோ இருக்கக் கூடாது. காலி மருந்து டின்னில் எண்ணெய் ஊற்றவே கூடாது.

வண்டுக்கு வைக்கும் மாத்திரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது ஈரக்காற்றுப் பட்டதும் பாஸ்பீன் என்ற விஷவாயுவை விடும். பயிற்சி பெற்றவர்கள் மேற்பார்வையில்தான் வைக்க வேண்டும் என்பது சட்டம். மருந்து வைத்த இரவில் வாட்ச்மேன் அந்தக் கிட்டங்கியிலோ ஒட்டிய அறையிலோ படுக்கக் கூடாது. ஒட்டுச் சுவர் வீடு இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வாயு சுவர் விரிசலைப் பார்த்து நிற்காது.

சோதனை மேஜை

இப்போது நம்மில் பலர் கடையிலேயே சாம்பிள் சோதிக்கிறோம். துவரம்பருப்பில் மெட்டானில் மஞ்சள் சாயம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சில சொட்டு விடுகிறோம். சாயம் இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும். நல்ல வழக்கம். ஆனால் ஆசிட் பாட்டில் எங்கே இருக்கிறது? கண் உயரத்துக்கு மேல் வைத்தால், எடுக்கும்போது முகத்தில் கொட்டும். சோடா பாட்டிலில் ஊற்றி வைத்தால் யாராவது குடிப்பார்கள். பெயர் ஒட்டி, கீழ்த்தட்டில், பூட்டி வையுங்கள். கலக்கும்போது தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கும். கண்ணில் பட்டால் உடனே கழுவ, குழாய் பக்கத்திலேயே இருக்கட்டும்.

ஆட்களையும் பாருங்கள்

சரக்கைப் பார்த்துவிட்டு ஆளைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். வத்தல் கொட்டுகிற இடத்தில் இருமிக்கொண்டே நிற்கிறவருக்கு முகத்துணி உண்டா? காற்றுப் போக ஜன்னல் திறந்திருக்கிறதா? எலி சிறுநீரால் எலிக்காய்ச்சல் வரும். வெறுங்காலுடன் ஈரத் தரையில் நிற்கிறார்களா? நாள் முழுவதும் நின்றே வியாபாரம் பார்க்கிற ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். சட்டம் வந்துதான் ஒரு ஸ்டூல் போட வேண்டுமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.

நோட்டில் எழுதுங்கள்

பார்த்ததை மனதில் வைத்தால் மறந்துபோகும். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். என்ன குறை, யார் சரிசெய்வது, எந்தத் தேதிக்குள், முடிந்ததா என்று நாலு பத்தி போடுங்கள். அடுத்த அமாவாசை அன்று பழைய பக்கத்தை முதலில் படித்துவிட்டுப் புதுப்பக்கம் எழுதுங்கள். குறைகள் அதிகமிருந்து எதை முதலில் பார்ப்பது என்று திகைத்தால் ஒரே கேள்விதான்: இதனால் போவது உயிரா, சரக்கா, சில்லறையா? உயிர் போகும் குறையை அன்றைக்கே முடிக்க வேண்டும். இடையில் எந்த ஆள் வந்து எந்தக் குறை சொன்னாலும் அந்த நிமிடமே நோட்டில் ஏற்றுங்கள். "பாத்துக்கலாம்" என்ற சொல் மட்டும் நம் வாயிலிருந்து வரக் கூடாது.

வருமுன் காத்துக்கொள்ளாதவன் வாழ்வு தீயின் முன் வைத்த வைக்கோல் போல அழியும் என்ற பொருளில் வள்ளுவப் பெருந்தகை அன்றே எச்சரித்திருக்கிறார். வைக்கோலும் சாக்கும் வைத்து வியாபாரம் செய்கிற நமக்கு அதை விளக்கிச் சொல்லவும் வேண்டுமோ?

மாதத்தில் ஒரு மணி நேரம், ஒரு டார்ச் லைட், ஒரு நோட்டு. இதற்குமேல் செலவில்லை. வரும் அமாவாசையிலேயே தொடங்குங்கள். முதல் சுற்றில் என்னென்ன கண்டீர்கள் என்பதை அடுத்த சங்கக் கூட்டத்தில் கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஒருவர் கடையில் கண்ட குறை பத்துக் கடையைக் காப்பாற்றும்.