சந்திரக் கல்லும் சிறைவாசமும்

1969ஆம் வருஷம் ஜூலை 24ஆம் தேதி, சந்திர யாத்திரையை முடித்துக்கொண்டு பசிபிக் சமுத்திரத்தில் வந்து இறங்கிய மூவருக்கும் ஊர்வலங்களும் உபசாரங்களும் காத்திருந்தன என்பது மெய்யே எனினும், அவற்றுக்கெல்லாம் முன்னதாக அவர்களை எதிர்கொண்டது சிறைவாசம். ஹார்னெட் என்னும் கப்பலில் ஒரு தனி வண்டிக்குள் அவர்கள் அடைக்கப்பட, வரவேற்க வந்த ஜனாதிபதி நிக்ஸன், ஜன்னல் கண்ணாடிக்கு இப்பால் நின்றே க்ஷேமம் விசாரித்தார். ஹூஸ்டன் நகரத்து ஆய்வுக்கூடத்தில் ஆகஸ்டு 10ஆம் தேதி வரை அவர்களுடைய வாசம் தொடர்ந்தது.

சந்திரனில் ஜீவன் இருப்பதற்கு இடமில்லை என்றே விஞ்ஞானிகளுள் பெரும்பாலோர் கருதினர். ஆயினும், முன்பின் அறியாத கிருமி ஒன்று இருந்து அது பூமியில் பரவிவிட்டால் அதற்கு மருந்துக்கு எங்கே போவது என்ற கேள்வியைத் தள்ளிவிட எவருக்கும் துணிவில்லை.

அந்த ஆய்வுக்கூடத்தின் காவல் தத்துவம் எளியது. உள்ளே காற்றழுத்தம் வெளியிலிருப்பதைவிடக் குறைவாக வைக்கப்பட்டமையால், எங்கேனும் விரிசல் கண்டாலும் வெளிக்காற்று உள்ளே புகுமேயன்றி உட்காற்று வெளியே கசியாது. சந்திரனிலிருந்து வீரர்கள் கொணர்ந்த ஏறத்தாழ 21.5 கிலோ கல்லையும் மண்ணையும் மூடிய பெட்டிகளில் வைத்து, அவற்றில் பொருத்திய கையுறைகளின் வழியே கையாண்டனர். எலி, காடை, மீன், சிப்பி, கரப்பான் ஆகியவற்றோடு செடிகளும் சந்திரத் தூளால் சோதிக்கப்பட்டன. தொற்று நோய் எதுவும் தோன்றவில்லை.

இத்தனை கட்டுக்காவலிலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. கடலில் மிதந்த கலத்தின் கதவை, வீரர்களுக்குத் தனி உடைகளைக் கொடுப்பதற்காகத் திறந்தபோதே, உள்ளிருந்த காற்று சமுத்திரக் காற்றோடு கலந்துவிட்டது. கிருமி இருந்திருக்குமானால், சிறைக்கதவு சாத்தப்படுமுன்பே அது தப்பியிருக்கும். அப்போலோ 14 என்னும் பிந்தைய சந்திர யாத்திரைக்குப் பின் இந்தச் சிறைவாசமே கைவிடப்பட்டது.

செவ்வாய் மண்ணைக் கொணர எண்ணுவோர் இதனாலேயே காவலைப் பூமியில் தொடங்குவதில்லை. அந்த மண் தீண்டிய பாத்திரத்தை, அது தீண்டாத வேறொரு பாத்திரத்துக்குள் வைத்து, நெடுந்தொலைவிலேயே முத்திரையிட்டுவிட வேண்டும் என்பது அவர்களுடைய விதி. ஜன்னலுக்கு வெளியே ஜனாதிபதியை நிறுத்துவது சுலபம். கதவைத் திறக்கவே அவசியமில்லாதபடி பயணத்தை வகுப்பதே காவல்.