அயல்நாட்டில் தாய்மொழி இதழ்: லொசானோ குடும்பத்தாரின் ஸ்பானிய நாளிதழ்கள்

குடிபெயர்ந்தோர் நடத்தும் தாய்மொழி இதழ் செய்தி தருவதோடு அமைவதில்லை. சிதறிக் கிடப்போரை ஒரு சமுதாயமாக இணைக்கும் பணியையும் ஆற்றுகின்றது. ஐக்கிய அமெரிக்க நாட்டில் லொசானோ குடும்பத்தார் நடத்திய இரு ஸ்பானிய நாளிதழ்கள் இதற்குத் தக்க சான்றாம்.

மெக்சிகோவின் நுவேவோ லெயோன் மாநிலத்தில் 1886-இல் பிறந்த இக்னாசியோ லொசானோ, 1908-இல் டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரிற் குடியேறினார். 1910-இல் எழுந்த மெக்சிகோப் புரட்சி பல்லாயிரவரை எல்லை கடக்கச் செய்தது. அவர்களை நோக்கி 1913-இல் அவர் தொடங்கிய 'லா பிரென்சா' வார இதழ், மறு ஆண்டே நாளிதழாயிற்று. நாடு துறந்த அறிஞரும் அரசியலாரும் அதில் எழுதினர்; பதிப்பகமும் புத்தகக் கடையும் உடன் வளர்ந்தன. எல்லைக்கு அப்பால் வாழ்வோரும் மெக்சிகோவின் ஒரு பகுதியினரே. மொழியையும் பண்பையும் பேணித் தாயகம் திரும்புதலே அவர் கடன் என்பது அவ்விதழின் அடிப்படைக் கருத்து. 'வெளியிலுள்ள மெக்சிகோ' என்னும் தொடர் இக்கருத்தையே குறித்தது.

1926 செப்டம்பர் 16-ஆம் நாள், மெக்சிகோவின் விடுதலை விழாவன்று, லாஸ் ஏஞ்சலஸில் 'லா ஒப்பினியோன்' தோன்றியது. 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் மெக்சிகர் பெருந்தொகையினராய்த் திருப்பி அனுப்பப்பட்டனர்; அமெரிக்காவிற் பிறந்து அந்நாட்டுக் குடியுரிமை பெற்றிருந்த அவர்தம் மக்களும் அதற்குத் தப்பவில்லை. அக்காலத்தே நிகழ்வன இவை என அவர்தம் மொழியிலேயே அறிவித்தது இவ்விதழ். அஞ்சி வாழ்வார்க்குச் செய்தியும் ஒரு காவலே அன்றோ!

1953-இல் லொசானோ மறைந்தார். 'லா பிரென்சா' 1957-இல் குடும்பத்தின் கை நீங்கி, 1963-இல் நின்றது. மற்றையதோ மகன், பேரமக்கள் எனத் தலைமுறை கடந்து நடந்து, 2004-இல் நியூயார்க்கின் ஸ்பானிய நாளிதழொன்றோடு ஒரே நிறுவனத்தில் இணைந்தது.

ஒரே குடும்பத்தின் இரு இதழ்கள் இங்ஙனம் வேறுபட்டது ஏன்? லாஸ் ஏஞ்சலஸில் புதியோர் வரவு ஓயாமை ஒரு காரணம். அதனினும் சிறந்த காரணம் பிறிதொன்று உண்டு. திரும்புவோம் என்னும் நினைவில் ஊன்றியது முன்னது. பின்னதை ஏற்ற மகனோ, படிப்போர் தங்கிவிட்டனர் என்பதை உணர்ந்து, அமெரிக்க மண்ணில் அவர்தம் வாழ்வு, கல்வி, வாக்குரிமை ஆகியவற்றின்பால் இதழைத் திருப்பினார்.

தாயக நினைவு ஒரு மொழியை அயல்மண்ணில் ஊன்றச் செய்யலாம். அது அங்கே நிலைபெறுவது அன்றாட வாழ்விற்குப் பயன்படுமளவே. புலம்பெயர்ந்தோர் இதழ்களை ஆராய்வோர் இவ்விரண்டையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.